பழைய லேப்டாப் வேகமானது, அதனால்தான் ஏமாந்தேன்

எட்டு வருடப் பழைய லேப்டாப். ஆன் செய்துவிட்டுப் போய் முகம் கழுவி வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். 4 ஜிபி ரேம், 5400 ஆர்பிஎம் வேகத்தில் ஓடும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். பிராசசர் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) போட்டு ரேமைக் கூட்டினால் இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று தெரியும். கழற்றி மாட்டத் தைரியம் இல்லாததால் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன்.

பேசியது இவ்வளவுதான்: புதிய 500 ஜிபி எஸ்எஸ்டி, இருக்கிற 4 ஜிபியோடு கூடுதலாக 8 ஜிபி ரேம், விண்டோஸ் புதிதாக ஏற்றித் தருவது. பழைய ஹார்ட் டிஸ்க்கை என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னேன். எல்லாம் வாய்ப்பேச்சு. ரசீதில் "சர்வீஸ்" என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதைப் பார்த்தும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வாங்கப் போனபோது கடைக்காரர் கண்முன்னால் ஆன் செய்து காட்டினார். 15 நொடியில் திரை வந்துவிட்டது. அந்த 15 நொடியில் வாயடைத்துப் போனவன், வேறு எதையும் சோதிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் எங்கே என்று கேட்டதற்கு, "அதுல பேட் செக்டார் சார், கழட்டும்போதே செத்துடுச்சு, தூக்கிப் போட்டுட்டோம்" என்றார். பேட் செக்டார் என்றால் டிஸ்க்கில் பழுதான பகுதி. கடையில் கொடுத்த நாள் காலை வரை அதில்தான் வேலை பார்த்தேன். ஆனாலும் சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டேன். படங்களுக்கு வேறொரு பிரதி இருந்ததும் ஒரு காரணம்.

ஏமாற்றுகிறவருக்கு ஏன் இது இவ்வளவு சுலபம் என்று பிறகுதான் புரிந்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஊசி மாதிரி ஒரு கை, சுழலும் தட்டின் மேல் ஓடி ஓடித் தகவலைத் தேட வேண்டும். நொடிக்கு நூறு, நூற்றைம்பது இடத்துக்கு மேல் அதனால் போக முடியாது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது, ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து நொடியில் எடுத்துவிடும். அதனால் தேய்ந்துபோன எஸ்எஸ்டியைப் போட்டாலும், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு அது ராக்கெட் மாதிரிதான் தெரியும். புதியதா பழையதா என்பதை வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

இரண்டு வாரம் கழித்து, பிரவுசரில் நிறைய டேப் திறந்தபோது தடுமாறியது. 12 ஜிபிக்கு இது அதிகமாயிற்றே என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி: 8 ஜிபி. பயன்பாட்டில் உள்ள ஸ்லாட் (ரேம் மாட்டும் இடம்): இரண்டில் ஒன்று. அதாவது என் பழைய 4 ஜிபியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு 8 ஜிபியை மாட்டியிருக்கிறார்கள். கேட்டால் "ரெண்டும் மேட்ச் ஆகாது" என்று பதில் வரும் (எனக்கும் அதுதான் வந்தது). இரண்டுமே டிடிஆர்4 என்ற ஒரே வகை ரேம் என்றால் அளவு வேறாக இருந்தாலும் பெரும்பாலும் சேர்ந்து ஓடும். வேகம் வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

சந்தேகம் வந்துவிட்டதே, அப்புறம் சும்மா இருக்க முடியுமா? டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். "புதிய" எஸ்எஸ்டி ஓடிய நேரம் 17,900 மணி! ஒரு நொடிகூட அணைக்காமல் ஓடினாலும் இரண்டு வருடத்துக்கு மேல். ஆன் செய்த தடவைகள் வெறும் 41. எங்கோ இரவு பகலாக ஓடிய இயந்திரத்திலிருந்து கழற்றியது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மீதி ஆயுள் 71 சதவீதம். கடைக்காரர் பெருமையாகக் கொடுத்த புத்தம்புதுப் பெட்டியை எடுத்து சீரியல் நம்பரை ஒப்பிட்டேன். பெட்டியில் ஒன்று, மென்பொருளில் வேறொன்று. பெட்டி புதியது, உள்ளே இருந்தது பழையது.

விண்டோஸிலும் ஒரு கைவரிசை. என் லேப்டாப்போடு வந்தது ஹோம் பதிப்பு. அதற்கான லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, அதே பதிப்பை மறுபடி ஏற்றியிருந்தால் இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும். இவர்கள் ப்ரோ பதிப்பைப் போட்டு, கிராக் (லைசென்ஸ் வாங்காமல் திறக்கும் திருட்டு மென்பொருள்) வைத்துத் திறந்திருந்தார்கள். அந்த கிராக்கை வைரஸ் தடுப்பு பிடித்துவிடக் கூடாது என்று, விண்டோஸ் செக்யூரிட்டியின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்து வைத்திருந்தார்கள். அதாவது சி டிரைவுக்குள் எது வந்து உட்கார்ந்தாலும் கண்டுகொள்ளாதே என்று காவலாளிக்கு உத்தரவு. இரண்டு வாரம் அதில்தான் வங்கிக் கணக்கைத் திறந்திருக்கிறேன். எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது இதுதான், எஸ்எஸ்டி அல்ல. அன்று இரவே வேறொரு கருவியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் முன்பே டாஸ்க் மேனேஜரில் ரேம், டிஸ்க் விவரங்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, சீரியல் நம்பரை ரசீதில் எழுத வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், செத்துவிட்டது என்றால் செத்ததையே வாங்குங்கள். கடையை விட்டு வெளியே வரும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி ஓடிய நேரத்தைப் பாருங்கள். புதியது என்றால் சில மணி நேரத்துக்கு மேல் காட்டாது. "பின்னாடி ரூம்லதான் வேலை, அங்க யாரையும் விடமாட்டோம்" என்றால் வேறு கடை பாருங்கள்.

திரையில் கண்டதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போனேன். முதலில், "வேகமா இருக்குல்ல? அப்புறம் என்ன சார்?" என்றார். சீரியல் நம்பரைக் காட்டியதும் குரல் இறங்கியது. வேறு எஸ்எஸ்டி மாற்றித் தந்தார், இந்தத் தடவை என் முன்னால் பிரித்தார். 4 ஜிபி ரேமும் திரும்ப வந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு நகரமாட்டேன் என்று நின்றபோது, உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தேடி, தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே நிறுவனம், அதே 1 டிபி.

வீட்டில் யுஎஸ்பி கேஸில் போட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு வீட்டுக் கல்யாணப் படங்கள். பக்கத்தில் ஒரு பயோடேட்டா, அதில் செல்போன் நம்பர். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அது செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டோம்னு சொன்னாங்களே" என்றார்.