சிபில் சரி பண்ணித் தரேன்னு யாராவது சொன்னா ஓடிபி கொடுத்துடாதீங்க

பழைய வண்ணாரப்பேட்டையில் நைட்டி தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். ஐந்து மெஷின், நான்கு பெண்கள். சரக்கு எம்.சி. ரோடு கடைகளுக்குப் போகும். நேற்று நூல் வாங்கப் போனபோது கடைக்கார அக்கா, "சுங்கச்சாவடி பக்கம் ஒருத்தர் சிபில் சரி பண்ணித் தராராம், 5,000 அட்வான்ஸ் கொடுத்துட்டேன்" என்றார். சிபில் என்றால் நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று பதிந்து, ஸ்கோர் போட்டு வைக்கும் நிறுவனம். மாடிப்படி, ஃபிளெக்ஸ் போர்டு என்று அடையாளம் கேட்டேன். என்னை ஏமாற்றிய அதே ஆள். ராத்திரி தூக்கமே வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2013இல் என் தம்பி டாடா ஏஸ் வாங்க ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் எடுத்தான். ஜாமீன் கையெழுத்து என்னுடையது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் வண்டி மாசக்கணக்கில் நின்றது, டியூவும் நின்றது. கம்பெனி எங்கள் இருவர் மேலும் வழக்குப் போட்டது. 2018இல் ஹைகோர்ட் வளாகத்தில் நடந்த லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடித்தோம். 1,84,000 பாக்கிக்கு 95,000 என்று ஒப்புக்கொண்டார்கள். என் வளையலை வைத்து, இரண்டு தவணையில் கட்டி முடித்தோம். தீர்ப்பு நகலையும் ரெண்டு ரசீதையும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டியதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் ரெண்டு பவர் மெஷின் வாங்க முத்ரா கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஜாமீன்தாரர் என்று என் பெயர், 'சூட் ஃபைல்டு', பாக்கி 1,84,000.

"கோர்ட்டுல கேஸ் இருக்கேம்மா?"

"அது முடிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு சார்."

"இதுல முடியலையே. சரி பண்ணிட்டு வாங்க, பார்க்கலாம்."

அவர் மேல் தப்பில்லை. ஆனால் எங்கே போய்ச் சரி பண்ணுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள்.

அப்படித்தான் அந்தச் சுங்கச்சாவடி ஆளிடம் போனேன். "அக்கா, 45 நாள்ல 750 ஸ்கோர். கோர்ட் கேஸையே அழிச்சிடலாம். எனக்கு உள்ள ஆள் இருக்கு" என்றான். 12,000 என்று பேச்சு. முதலில் 7,000 கொடுத்தேன். பான் கார்டு, ஆதார் நகல் வாங்கிக்கொண்டான். என் போனுக்கு மூன்று முறை ஓடிபி வந்தது. மூன்றையும் சொன்னேன். பீரோவில் இருந்த தீர்ப்பு நகலை அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து போனில் ஒரு படம் அனுப்பினான். அந்தக் கடனுக்குப் பக்கத்தில் 'அண்டர் டிஸ்ப்யூட்', அதாவது ஆட்சேபத்தில் இருக்கிறது, என்று இருந்தது. "பாருங்கக்கா, பிளாக் பண்ணிட்டேன். ரெண்டு வாரத்துல சுத்தமா போயிடும்." மீதி 5,000ஐயும் கொடுத்தேன்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அந்த வார்த்தை யார் ஆட்சேபம் போட்டாலும் வரும். நீங்களே போட்டாலும் வரும், ஒரு பைசா செலவில்லை. சிபில் போன்ற நிறுவனம் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்தவரிடம் கேட்கும், அவர் சொல்வதை வைத்துத்தான் மாற்றும். 'உள்ள ஆள்' என்று ஒருத்தரும் கிடையாது. அவன் என் பெயரில் எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? 'இந்தக் கடன் என்னுடையது இல்லை.' கம்பெனியிடம் என் கையெழுத்து இருக்கிறது. அவர்கள் மறுத்தார்கள். அடுத்த மாதம் 'அண்டர் டிஸ்ப்யூட்' போய்விட்டது, 'சூட் ஃபைல்டு' அப்படியே நின்றது. உண்மையாக எனக்கு நியாயம் இருந்த விஷயத்தில், என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிட்டான்.

அவன் போன் எடுப்பதை நிறுத்தியதும், நானே ரிப்போர்ட்டைப் பார்க்கலாம் என்று முயன்றேன். உள்ளேயே போக முடியவில்லை. என் கணக்கில் இருந்த மின்னஞ்சல் அவனுடையது. யாராவது என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் எனக்கு வர வேண்டிய தகவல் மெயில் எல்லாம் அவனுக்குப் போயிருக்கிறது. அடையாளச் சான்று கொடுத்து அதை மாற்றவே இரண்டு வாரம் ஆனது. திறந்து பார்த்தால், நான் பெயர்கூடக் கேள்விப்படாத மூன்று கடன் கம்பெனிகள் என் ரிப்போர்ட்டை எடுத்திருக்கின்றன. என் காகிதங்களை வைத்தே எனக்குக் கடன் வாங்கித் தந்து கமிஷன் பார்க்க அலைந்திருக்கிறான். 611 இருந்த ஸ்கோர் 574 ஆகியிருந்தது.

அதன் பிறகுதான் ஹைகோர்ட் பக்கம் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கிருந்த வக்கீலம்மா முதலில் கேட்டதே, "அவார்டு நகல் வச்சிருக்கீங்களா?" என்பதுதான். கையில் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு முத்திரை இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். லோக் அதாலத் தீர்ப்பு சிவில் கோர்ட் போடும் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது, 1987ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார். அப்படியென்றால் வழக்கு நிலுவை என்று காட்டுவது தப்பு. பாக்கி 1,84,000 என்பதும் தப்பு. ஆனால் இன்னொன்றும் சொன்னார்: "குறைச்சுக் கட்டி முடிச்சதால 'செட்டில்டு'ன்னு வரும். அது உண்மை. அதை அழிக்கச் சொல்லிக் கேட்க முடியாது." எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் 12,000 வாங்கியவன் சொல்லாத உண்மையை அவர் காசு வாங்காமல் சொன்னார்.

பழசானால் தானாக அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறோம். சிபில் மாதிரி நிறுவனங்கள் விவரத்தைக் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஏழு வருஷத்தில் அழித்தே ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நான் செய்தது இதுதான். ஃபைனான்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குத் தீர்ப்பு நகல், ரசீதுகளோடு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பினேன். அதே நாளில் சிபில் தளத்தில் ஆட்சேபம் போட்டேன், இந்த முறை உண்மையான காரணத்தோடு. புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் போட்ட உத்தரவு, 2024 ஏப்ரலில் இருந்து நடப்பில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்திய விவரத்தை அனுப்பாவிட்டால் பணம் அவர் தர வேண்டும், அவர் அனுப்பியும் சிபில் மாதிரி நிறுவனம் தாமதித்தால் அது தர வேண்டும். திருத்த முடியாது என்றால் காரணமும் சொல்ல வேண்டும்.

30 நாளில் எனக்கு வந்தது 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு மெயில்தான். 31ஆம் நாள் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்கு, அவர்களுடைய சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் புகார் போட்டேன். கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். 58ஆம் நாள் திருத்தம் வந்தது. வழக்கு என்ற வரி காணோம், பாக்கி பூஜ்யம், நிலை 'செட்டில்டு'. 28 நாளுக்கு 2,800 ரூபாய் என் கணக்கில் ஏறியது.

அதோடு விட்டுவிடாதீர்கள். சிபில் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. நான்கிலும் வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட் இலவசம். எடுத்துப் பார்த்தபோது ஒன்றில் பழைய வழக்கு அப்படியே இருந்தது. அதற்கும் ஆட்சேபம் போட்டிருக்கிறேன்.

வங்கி மேனேஜர் மறுபடி மனு வாங்கிக்கொண்டார். அந்த ஆள் மேல் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். 12,000 இன்னும் திரும்பவில்லை.

நூல் கடை அக்காவுடையது பழைய கிரெடிட் கார்டு, குறைத்துக் கட்டி முடித்தது. அதை 'க்ளோஸ்டு', அதாவது முழுசாகக் கட்டி முடித்தது, என்று ஆக்கித் தரேன் என்று இவன் சொல்லியிருக்கிறான். அதற்கு வழி, தள்ளுபடி செய்த மீதியைக் கார்டு கொடுத்த வங்கியிடமே கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்குவதுதான். நல்ல வேளை, ஓடிபி இன்னும் கொடுக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை கடை சாத்தியதும் இரண்டு பேரும் அந்த மாடிப்படி ஏறப் போகிறோம், அக்கா கொடுத்த 5,000ஐத் திருப்பிக் கேட்க. என் சி.எஸ்.ஆர். ரசீதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.