பேக்கப் சர்வரில் 'எஸ்ஒய்' ஏறினால்: பல வருஷப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் அலுவலகத்தின் பேக்கப் சர்வரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ், எட்டு கோர். ராத்திரியில் மற்ற சர்வர்களின் ஃபைல்களை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் ப்ரோக்ராம் மூலம் இழுத்து வைப்பதுதான் அதன் வேலை. முதலில் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்தின் மேல், ராத்திரிக்கு ஒரு நகல் வைக்கும் ஆர்எஸ்னாப்ஷாட் ஓடியது, அப்புறம் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் சொந்த ஸ்னாப்ஷாட்டுக்கு (அந்தக் கணத்தின் நிலையைப் பிடித்துவைக்கும் நகல்) மாறினோம். இரண்டிலும் ஒரே தொல்லை வந்தது. சிபியு ஏறிப்போய்க் கிடக்கும். ஆனால் நேரம் ப்ரோக்ராமில் போகாது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் போகும்; அதைக் காட்டும் எண்தான் 'எஸ்ஒய்'. பேக்கப் முடியாமல் காலை வரை இழுக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு ஃபைலைத் திரும்பக் கேட்டால் என்ன கஷ்டம் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எந்த ப்ராசஸ் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கமாண்டின் மூன்றாவது வரியில் யுஎஸ், எஸ்ஒய், டபிள்யூஏ என்று எண்கள் வரும். யுஎஸ் என்பது ப்ரோக்ராம் தன் சொந்தக் கணக்குக்குச் செலவழிப்பது. ஆர்சிங்க் செக்சம் (ஃபைல் மாறியதா என்று பார்க்கும் கணக்கு) போடுவதும் எஸ்எஸ்எச் என்க்ரிப்ட் செய்வதும் அதில் சேரும். டபிள்யூஏ என்றால் டிஸ்க் பதிலுக்காகச் சிபியு சும்மா இருக்கிறது. எஸ்ஒய் மட்டும் தனி: ப்ரோக்ராம்களுக்காகவோ தனக்காகவோ கெர்னல் செய்யும் வேலை. எஸ்ஒய் ஏறியதும் பலர் டிஸ்க்கைச் சந்தேகித்துப் புதிது வாங்கச் சொல்வார்கள். டபிள்யூஏ குறைவாக இருக்கும்போது அது பெரும்பாலும் வீண் செலவு. லக்ஸ் என்க்ரிப்ஷன், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் சாஃப்ட்வேர் ரெய்டு 6, ஃபைல் சிஸ்டமே செய்யும் கம்ப்ரஷன் எல்லாம் கெர்னலுக்குள் நடப்பதால் எஸ்ஒய் கணக்கில்தான் விழும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆர்எஸ்னாப்ஷாட் காலத்துக் கதை நேரடியானது. அது ராத்திரிதோறும் மிகப் பழைய நகலை 'ஆர்எம் -ஆர்எஃப்' போட்டு அழிக்கும், மற்றவற்றின் பெயரை ஒவ்வொன்றாக நகர்த்தும், மிகப் புதிய நகலை 'சிபி -ஏஎல்' மூலம் ஹார்ட் லிங்க்காக (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) பிரதி எடுக்கும், பிறகு ஆர்சிங்க்கை ஓட்டும். மாறாத ஃபைல் டிஸ்க்கில் கூடுதல் இடம் பிடிக்காது. ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லிங்க் சிஸ்டம் கால் (ப்ரோக்ராம் கெர்னலிடம் வைக்கும் வேண்டுகோள்), அழிக்கும்போது ஒரு அன்லிங்க் கால், ஆர்சிங்க் சரிபார்க்க இன்னொன்று என்று கெர்னல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். 500 ஜிபி விர்ச்சுவல் டிஸ்க் ஒரே ஃபைலாக இருந்தால் இந்தத் தட்டல்கள் கொஞ்சம்தான். 20 ஜிபி மெயில்டைரி அப்படி இல்லை. அதில் ஒரு மடல் ஒரு ஃபைல். பேக்கப் சர்வர் வாங்கும்போது எல்லோரும் எத்தனை டிபி என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை ஃபைல் என்பது அதே அளவுக்கு முக்கியமான கேள்வி.

இங்கே, ஒரு ப்ராசஸின் சிஸ்டம் கால்களைக் கவனிக்கும் எஸ்ட்ரேஸ் போதுமானதாக இருந்தது. 'எஸ்ட்ரேஸ் -சி -பி' என்று ப்ராசஸ் எண்ணைக் கொடுத்துச் சிறிது நேரம் விட்டால், எந்த சிஸ்டம் கால் எத்தனை முறை நடந்தது என்று அட்டவணை வரும். லிங்க்அட், அன்லிங்க்அட் இரண்டும் உச்சியில் நின்றன. எஸ்ட்ரேஸ் ஒட்டியிருக்கும்வரை அந்த ப்ராசஸ் ரொம்பவே மெதுவாகும், அதனால் நீண்ட நேரம் விடக் கூடாது. ஆர்எஸ்னாப்ஷாட்டின் கான்ஃபிக் ஃபைலில் லிங்க்_டெஸ்ட்டை 1 ஆக்கினால் தனியாக 'சிபி -ஏஎல்' ஓடாது, ஆர்சிங்க்கே லிங்க் போட்டுக்கொள்ளும். அதில் ஒரு முழுச் சுற்று மிச்சம். யூஸ்_லேசி_டிலீட்ஸ் அழிக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளும், குறைக்காது. (அந்த ஃபைலில் இடைவெளிக்கு ஸ்பேஸ் ஒத்துக்கொள்ளாது, டேப்தான் வேண்டும். மாற்றிய கையோடு கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டிவிடுங்கள்.)

அப்படியும் சில ராத்திரிகளில் ரேமில் இடம் காலி செய்யும் கேஸ்வாப்டி0 என்ற கெர்னல் த்ரெட் டாப்பில் மேலே வந்து உட்காரும். ஸ்வாப் பயன்பாடு பூஜ்யமாக இருக்கும்போதே இது நடக்கலாம். லட்சக்கணக்கான ஃபைல்களைத் தொட்டுப் பார்க்கும் சர்வரில், அவற்றின் பெயர்களும் ஐநோடு விவரங்களும் (அளவு, உரிமையாளர் போன்றவை) ரேமில் குவிகின்றன. 64 பிட் கெர்னலில் ஒரு டென்ட்ரி (பெயர்ப் பதிவு) 192 பைட், ஒரு எக்ஸ்ட்4 ஐநோடு சுமார் 1 கேபி. 20 லட்சம் ஃபைல் என்றால் இரண்டும் சேர்ந்து 2 ஜிபிக்கு மேல். 'ஸ்லாப்டாப் -எஸ் சி' அடித்தால் முதல் வரிகளிலேயே தெரியும். இடம் தீரும்போது கெர்னல் இவற்றைத் தேடிக் கழிப்பதுதான் அந்த எஸ்ஒய். இவற்றை எவ்வளவு தீவிரமாகக் கழிப்பது என்று சொல்லும் விஎஃப்எஸ்_கேஷ்_ப்ரெஷர் என்ற கெர்னல் அமைப்பு வழக்கமாக 100. அதைக் கண்டபடி ஏற்றாதீர்கள், வேகம் இன்னும் கெடலாம் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. முதலில் செய்ய வேண்டியது, ஃபைல் தேடும் லொகேட் கமாண்டுக்காகத் தினமும் ஓடும் அப்டேட்டிபி பேக்கப் ஃபோல்டருக்குள் நுழையாமல் தடுப்பது. அப்டேட்டிபி.கான்ஃப் ஃபைலில் ப்ரூன்பாத்ஸ் வரியில் அந்தப் பாதையைச் சேர்த்தால் போதும். யாருக்கும் வேண்டாத ஒரு முழு நடை அதோடு நின்றுவிடும்.

பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மாறிய பிறகு லிங்க், அன்லிங்க் மழை ஓய்ந்தது. ஸ்னாப்ஷாட் எடுப்பதும் கண நேரம், அழிக்கும் கமாண்டும் உடனே திரும்பிவிடும். ஆனால் உண்மையான அழிப்பைப் பின்னணியில் பிடிஆர்எஃப்எஸ்-க்ளீனர் என்ற கெர்னல் த்ரெட் செய்கிறது. பழைய ஸ்னாப்ஷாட்களைக் கழிக்கும் நாளில் மொத்த எஸ்ஒய் 12, 13 சதவீதம்தான் காட்டும், ஆனால் சர்வர் திணறும். டாப்பில் 1 என்ற விசையை அழுத்தினால் விஷயம் தெரியும்: ஒரே ஒரு கோர் 100 சதவீத எஸ்ஒய், மற்ற ஏழும் சும்மா. பட்டியலில், மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் த்ரெட்டின் பெயர் 'பிடிஆர்எஃப்எஸ்-ட்ரான்ஸாக்டி' என்று அரைகுறையாக நிற்கலாம். பழைய கெர்னல்கள் 15 எழுத்தோடு பெயரை வெட்டிவிடும் என்பதால் அப்படி.

கெர்னல் த்ரெட்டில் எஸ்ட்ரேஸ் ஒட்டாது. இந்த இடத்தில்தான், கெர்னலின் எந்த ஃபங்ஷனில் நேரம் போகிறது என்று காட்டும் பெர்ஃப் எனக்கு இன்றியமையாததாகிவிட்டது. ரூட்டாக 'பெர்ஃப் டாப்' அடித்தேன். (சாதாரண பயனராக ஓட்டினால் ஃபங்ஷன் பெயர் வராமல் வெறும் எண் முகவரி வரும், அல்லது அனுமதியே கிடைக்காது.) உச்சியில் ஃபைண்ட்_பேரண்ட்_நோட்ஸ். கீழே ரிசால்வ்_இன்டைரக்ட்_ரெஃப்ஸ் போன்ற அதன் சகாக்கள். 'பெர்ஃப் ரெக்கார்ட் -ஏ -ஜி' மூலம் அழைப்புச் சங்கிலியையும் எடுத்துப் பார்த்தால் எல்லாம் கியூகுரூப்பில் போய் முடிந்தது.

அதாவது கோட்டா, இடப் பயன்பாட்டுக் கணக்கு. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் தனக்கென்று எவ்வளவு, மற்றவற்றோடு பகிர்ந்தது எவ்வளவு என்று சொல்ல, ஒவ்வொரு டேட்டாத் துண்டையும் யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் பின்னோக்கித் தேட வேண்டும். நூற்றுக்கணக்கான ஸ்னாப்ஷாட் இருந்தால் அந்தத் தேடல் பல மடங்காகும். 'பிடிஆர்எஃப்எஸ் கோட்டா டிசேபிள்' கொடுத்ததும் அந்த கோர் இறங்கியது. ஸ்னாப்ஷாட் அழிப்பு ராத்திரிக்குள் முடிகிறது. அளவு தெரிய வேண்டியபோது 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் டியு -எஸ்' ஓட்டுகிறேன். மெதுவானதுதான், ஆனால் கேட்டால் மட்டும் வேலை செய்யும். கெர்னல் 6.7-இல் எளிய கோட்டா என்று ஒன்று வந்திருக்கிறது. டேட்டாவை முதலில் எழுதிய சப்வால்யூம் (ஃபைல் சிஸ்டத்துக்குள் ஒரு தனிப் பகுதி) பேரிலேயே கணக்கு வைப்பதால் பின்னோக்கித் தேடல் கிடையாது. ஆனால் இந்த ஸ்னாப்ஷாட்டை அழித்தால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. பேக்கப் சர்வரில் நாம் கேட்பதே அதைத்தான், அதனால் நான் கோட்டாவை மூடியே வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் பிரச்சினை ஓடிக்கொண்டிருக்கும்போது பார்ப்பவை. நடுராத்திரியில் என்ன நடந்தது என்று காலையில் தெரிய, சிபியு எண்களைப் பதிவு செய்துவைக்கும் சிஸ்ஸ்டாட் வேண்டும். டெபியனில் அதை நிறுவினாலும் பதிவு தானாகத் தொடங்காமல் இருக்கலாம். ஈடிசிக்குள் டிஃபால்ட் என்ற பெயரில் இருக்கும் ஃபோல்டரில் உள்ள சிஸ்ஸ்டாட் ஃபைலில் எனேபிள்டு என்பது ட்ரூ ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'சார் -யு' அடித்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு வரியாக எஸ்ஒய் எப்போது ஏறியது என்று வந்துவிடும். அந்த நேரத்தை, வேலைகளை நேரப்படி ஓட்டும் க்ரான் அட்டவணையோடு ஒப்பிட்டால், அடுத்த ராத்திரி பெர்ஃப்பை எத்தனை மணிக்கு ஓட்டுவது என்பது தெரிந்துவிடும்.