அங்கவடியும் கடிவாளமும் இல்லாத பத்து வகுப்புகள்

இரண்டு ஆண்டுகளாகச் சவாரி செய்தும், குதிரை நடையிலிருந்து துள்ளோட்டத்துக்கு (trot) மாறியவுடன் முன்னால் கவிழ்ந்து முழங்கால்களால் சேணத்தை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அதைத் திருத்துவதற்கென்றே ஒரு குதிரையேற்றப் பள்ளியின் லஞ்ச் (lunge) கயிற்று வகுப்பில் சேர்ந்தேன். பயிற்றுநர் வட்டத்தின் நடுவில் நின்று, ஏறக்குறைய 8 மீட்டர் நீளமுள்ள கயிற்றால் குதிரையை நடத்துவார். மேலே இருப்பவர் அங்கவடியோ (சேணத்திலிருந்து தொங்கும், பாதம் ஊன்றும் வளையம்) கடிவாளமோ இல்லாமல் தம் உடலை மட்டும் கவனித்தால் போதும். வியன்னாவில் உள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியிலும் புதிய மாணவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கோடு எங்கே உடைகிறது என்பதை இங்கேதான் உணர்ந்தேன். குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே, உள்ளங்கைகளை, உட்காரும்போது பாரம் தாங்கும் இருப்பெலும்புகளுக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொன்னார் பயிற்றுநர். இடது கை நசுங்கியது. வலது கையில் பாரமே தெரியவில்லை. வலப்பக்கம் வளையும்போதெல்லாம் நான் தடுமாறியதற்குக் காரணம் குதிரை அல்ல, என் இடுப்புதான் என்பது அந்தக் கணத்தில் விளங்கியது. துள்ளோட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் இணைந்து ஊன்றுவதால் இரண்டு தாளம் பிறக்கிறது. அந்தத் தாளத்தை வாய்விட்டு எண்ணச் சொன்னார். எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது. மூச்சு இளகியதும் முழங்காலின் பிடியும் தானாகத் தளர்ந்தது. முழங்கால் இறுகினால் உடல் சேணத்திலிருந்து மேலே தள்ளப்படுகிறது என்பதால், இந்தச் சிறிய உத்தியை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. முதல் மூன்று வகுப்புகளில் எனக்குத் தரப்பட்ட சேணம் அளவில் பெரியது. அதில் இடுப்பு பின்னால் சரிந்து, நாற்காலியில் அமர்ந்ததுபோல் கால்கள் முன்னே போய்விட்டன. நான் கேட்ட பிறகே மாற்றினார்கள். பெரும்பாலான நேரம் இடவட்டத்திலேயே கழிந்து, எனக்கு மிகவும் தேவைப்பட்ட வலவட்டத்துக்குக் கடைசி ஐந்து நிமிடங்களே கிடைத்தன. சேருபவர்கள் இவ்விரண்டையும் முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது. அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் வகுப்பையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓயாமல் சிறு வட்டத்தில் ஓடுவது குதிரையின் கால் மூட்டுகளுக்குச் சுமை.

பத்தாவது வகுப்பின் முடிவில் அங்கவடிகளை மீண்டும் மாட்டினார்கள். முழங்கால்கள் தளர்ந்து கால்கள் கீழே இறங்கியிருந்ததால், பழைய அளவு எனக்குக் குட்டையாக இருந்தது. வாரை இரண்டு துளைகள் இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று.