பழைய ஸ்ப்ளெண்டரின் உயரத்தைக் குறைக்க: சீட்டா, ஷாக்கா, ஃபோர்க்கா?

அக்கா மகளுக்கு 5 அடி உயரம். தாத்தா ஓட்டிய ஸ்ப்ளெண்டரில் காட்பாடியிலிருந்து வேலூருக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஏறி உட்கார்ந்ததும், "மாமா, விரல் நுனிதான் படுது" என்றாள். வண்டியின் சீட் உயரம் 785 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 31 அங்குலம். அவள் காலின் உள்நீளம் 28 அங்குலம்.

அந்த மூன்று அங்குலத்தையும் குறைக்கத் தேவையில்லை. ஆள் உட்கார்ந்தாலே ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும். இடது பாதத்தின் முன்பாதி அழுத்தமாகப் பதிந்தால் போதும். வலது கால் பின் பிரேக்கில் இருக்க வேண்டியது. காட்பாடி ரயில்வே மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் மாட்டினால் இதன் அருமை தெரியும்.

நாங்கள் முதலில் போனது குட்டை ஷாக்குக்கு, அதாவது பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பருக்கு. மாட்டுவது அரை மணி வேலை. ஆனால் ஷாக் ஒரு அங்குலம் குறைந்தால் சீட்டும் ஒரு அங்குலம் இறங்கிவிடாது. சீட் இரண்டு சக்கரத்துக்கும் இடையில் இருப்பதால் முக்கால் அங்குலம் கிடைத்தாலே அதிகம். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வு கூடி, ஹேண்டில் மந்தமாகத் திரும்பும். அக்காவைப் பின்னால் உட்காரவைத்து ஸ்பீடு பிரேக்கர் ஏறியபோது டயர் மட்கார்டில் உரசியது. உள்ளே விரல் விட்டுப் பார்த்தால் கறுப்புத் தூள். சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்ததால் வண்டி நெட்டுக்குத்தாக நின்றது. ஒரு நாள் வாசலில் யாரோ கை வைத்ததும் வலப்பக்கம் சாய்ந்து பிரேக் லீவர் முறிந்தது. அன்றே பழைய ஷாக்கைத் திரும்ப மாட்டினோம்.

ஃபோர்க் குழாயை, அதைக் கவ்விப் பிடிக்கும் டி-பிளேட்டுக்கு மேலே ஏற்றி முன்பக்கத்தைத் தாழ்த்துவது எல்லா வண்டிக்கும் ஆகாது. பழைய புல்லட்டில் குழாயின் மேல்முனை ஹெட்லைட் கூட்டுக்குள் மரையிட்டு ஏறியிருக்கும், நகராது. ஏற்ற முடிகிற வண்டியிலும் முன்பக்கம் மட்டும் இறங்கினால் ஹேண்டில் துறுதுறுவென்று ஆடும். புதிதாக ஓட்டுகிறவருக்கு அது வேண்டாம். சேஸிஸையே அறுத்து வெல்டிங் வைக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். அது ஆபத்து, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கும் விரோதம்.

என் ஓட்டு சீட்டுக்குத்தான். ஷாக், ஸ்டாண்டு, செயின் எதையும் தொடாமல், குறைத்த அளவு அப்படியே கிடைக்கும். பழைய சாமான் கடையில் இன்னொரு சீட் வாங்கிக்கொண்டோம். தாத்தா சீட் பத்திரமாக இருக்கிறது. சீட் தைக்கிறவர் ரெக்சினை உரித்து, அவளை உட்காரச் சொல்லி, தொடை உரசும் இடத்தில் சாக்பீஸால் இருபுறமும் கோடு போட்டார். ஆக்சா பிளேடால் ஃபோமை மேலே ஒரு அங்குலம் சீவினார். பிறகு கோட்டின்படி ஓரங்களைச் சரித்தார். அந்தச் சரிவில்தான் சூட்சுமம்: சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து வெளியே போகும், ஒடுங்கினால் நேராகக் கீழே இறங்கும். சீவியது ஒரு அங்குலம்தான், ஆனால் இடது பாதம் பாதிக்கு மேல் பதிந்தது. பின் ஷாக்கின் ஸ்பிரிங்கையும் கடைசிப் படிக்குத் தளர்த்தினோம், அது செலவில்லாத வேலை.

குறை ஒன்று உண்டு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கி வந்த அன்று, உட்காரும் இடம் வலிக்கிறது என்றாள். மெலிந்த ஃபோம் அமுங்கி அடித்தகடு தட்டியிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மெத்து ஃபோமை எடுத்துவிட்டு, அதே கனத்தில் கெட்டியான ரீபாண்ட் ஃபோம் (துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டியது) வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறோம்.