பழைய பிக்கப்புக்கு வேக்யூம் கேஜ்: வாங்கலாமா?

1987–96 ஃபோர்டு எஃப்-150 மாதிரி பெட்ரோல் பிக்கப் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) குலுங்கி, சிக்னலில் நின்றதும் ஆஃப் ஆகிறதா? பாகங்களை மாற்றும் முன் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை அளக்கும் இந்த டயல் கேஜை வாங்குங்கள். த்ராட்டிலுக்கு (காற்றைக் கட்டுப்படுத்தும் மூடி) அடுத்து, இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுப்பு) வேக்யூம் குழாயில் மாட்டி, எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் பாருங்கள். கடல்மட்டத்தில் முள் 17–21 அங்குலத்தில் (பாதரச அளவு) அசையாமல் நிற்க வேண்டும்; 1000 அடி உயரத்துக்குச் சுமார் 1 அங்குலம் குறையும். தாழ்ந்து நிலையாக நின்றால் காற்றுக் கசிவு, அல்லது டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கல். ஒரே தாளத்தில் விட்டுவிட்டு விழுந்தால் வால்வு கோளாறு.

முள் சரி, வண்டி மட்டும் ஆஃப் ஆகிறது என்றால் த்ராட்டில் பாடியில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஐடில் ஏர் வால்வைக் (ஐடிலில் எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வு) கழற்றிக் கரியைத் துடையுங்கள்.

கேஜோடு கூட வரும் ரப்பர் குழாய்தான் தரமில்லை. நுனி தளர்ந்தால் அதுவே கசிந்து பொய்க் கணக்குக் காட்டும், வேறு வாங்கிவிடுங்கள்.