கால்பந்துத் தடுப்பாட்டக்காரருக்கு நீண்ட ஒப்பந்தமா, இரண்டே ஆண்டா?

தடுப்பாட்டக்காரர் வில்லியம் சலிபாவுக்கு 22 வயதாக இருந்தபோது, 2023 ஜூலையில், இங்கிலாந்துக் கிளப்பான ஆர்சனல் அவருடன் 2027 வரை ஒப்பந்தம் போட்டது. பழையதில் ஓராண்டே மிச்சம். இன்னும் தாமதித்திருந்தால், கடைசி ஆறு மாதத்தில் வெளிநாட்டுக் கிளப்புடன் முன்கூட்டியே பேசி முடித்து, மாற்றுக் கட்டணமே (வாங்கும் கிளப் விற்கும் கிளப்புக்குத் தரும் தொகை) இல்லாமல் அவர் கிளம்பியிருக்கலாம். 2025இல் தடுப்பாட்டக்காரர் அலெக்சாண்டர்-அர்னால்டை லிவர்பூல் கிளப் இழந்தது ஏறக்குறைய இப்படித்தான். சில வாரம் முன்னதாக விடுவித்ததற்கு மட்டும் சிறு தொகை கிடைத்தது.

நீண்ட ஒப்பந்தம் கணக்கேட்டுக்கும் உதவும். வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து ஆண்டுதோறும் கழிப்பார்கள்; கழியாமல் மிஞ்சுவதே ஏட்டு மதிப்பு. 4 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய வீரரின் ஏட்டு மதிப்பு மூன்றாண்டில் 1.6 கோடியாகும். அப்போது புதிதாக ஐந்தாண்டு போட்டால், ஆண்டுக் கழிவு 80 லட்சத்திலிருந்து 32 லட்சமாக இறங்கும். சம்பளம் ஏறும் என்பதையும் சேர்த்தே கூட்ட வேண்டும். முழங்கால் தசைநார் கிழிந்தால், அந்தச் சம்பளத்துக்கு வாங்க ஆள் வரமாட்டார்கள்.

மூத்தவர் கதை வேறு. 33 வயதுத் தடுப்பாட்டக்காரர் வான் டைக்குக்கு 2025 ஏப்ரலில் லிவர்பூல் தந்தது 2027 வரைதான். மறுவிற்பனை மதிப்பு கரைந்த வயது. அங்கே ஐந்தாண்டு என்பது வெறும் சுமை. இளையவருக்கு இரண்டாண்டு கொடுப்பதோ அதைவிடப் பெரிய பிழை: அடுத்த கோடையிலேயே பேரம் அவர் கைக்குப் போய்விடும்.