ஒரு மில்லிமீட்டர் கோபம்

அக்கா மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. தணிக்கையாளர் அலுவலகம். முழுக்கைச் சட்டை, தோல் ஷூ கட்டாயமாம். "மாமா, நீங்கள் கட்டுகிற வாட்ச், போடுகிற ஷூ இரண்டுமே எனக்குப் பிடிக்கும். அதையே நானும் வாங்கிவிடவா?" என்று போனில் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்று மாலைதான் ஷூவுக்கு இரண்டாவது முறையாக சோல் மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். கடிகாரத்துக்கு வார் தேடி மூன்று கடை ஏறி வெறுங்கையோடு இறங்கியிருந்தேன். அவனிடம் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை, சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாக இருந்திருக்கும். நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவைக்கிறேன். நிதானம் எத்தனை பத்தி தாங்கும் என்று பார்க்கலாம்.

இரண்டையும் வாங்கியது 2018இல். கடிகாரம் ரூ.7,400, ஷூ ரூ.2,900. நிறுவனங்களின் பெயர் வேண்டாம். திட்டப்போகிறவன் பெயர் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

முதலில் கடிகாரத்தின் புகழ். வெள்ளை டயல், இரண்டே முள், தேதி கிடையாது, விட்டம் 38 மில்லிமீட்டர், தடிமன் 7. ஓசூர் டைட்டனின் எட்ஜ் என்ற கடிகாரம் 3.5 மில்லிமீட்டரில் வந்ததை நினைத்தால் என்னுடையது குண்டுதான். ஆனாலும் சட்டைக் கஃபுக்குள் தடங்கலில்லாமல் நுழைந்து, கையை நீட்டினால் கால்வாசி எட்டிப்பார்த்து, மடக்கினால் உள்ளே போய்விடும். இந்த ஒரு வித்தையை நான் வாங்கும்போது எதிர்பார்க்கவில்லை. அதற்கு முன் கட்டிக்கொண்டிருந்தது சோற்றுத்தட்டு அளவில், மூன்று குட்டி டயல்களோடு இருந்தது. அதன் புண்ணியத்தில் என் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது கஃப் மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருக்கும். அலுவலகத்துக்குக் கட்டுகிற கடிகாரத்துக்கு முதல் தகுதி மெலிவு. அழகு அதற்குப் பின்னால் தானாக வரும்.

நேரத்திலும் குறை சொல்ல முடியாது. குவார்ட்ஸ் என்றால் உள்ளே ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணித்தான் முள் நகர்கிறது. மாதத்துக்குச் சில நொடி முன்பின் போகலாம். நொடிமுள்ளே இல்லாத கடிகாரத்தில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? நொடிமுள் இல்லாததில் ஒரு சங்கடமும் உண்டு. பாட்டரி தீர்ந்தால் தெரியாது. நொடிமுள் உள்ளவற்றில் பல, பாட்டரி தீரும் தறுவாயில் நாலு நாலு நொடியாகத் தாவி எச்சரிக்கும். இது சாதுவாக நின்றுவிடும். ஒருமுறை கூட்டத்தில் ஒருவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். எப்போது பார்த்தாலும் பதினொன்று பத்து. அவர் பேச்சின் தன்மை அப்படி என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

பாட்டரி மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பது சில்வர் ஆக்சைடு வகை, 1.55 வோல்ட், எண் எஸ்.ஆர். என்று தொடங்கும். அதே அளவில் எல்.ஆர். என்று தொடங்கும் ஆல்கலைன் பாட்டரி மலிவாகக் கிடைக்கும். எனக்கு ஒருவர் அதைப் போட்டுக்கொடுத்தார், ஐந்தாவது மாதம் நின்றது. அது வேகமாக மின்னழுத்தம் இழக்கும். தீர்ந்தபின் அப்படியே விட்டுவைத்தால் கசிந்து உள்ளே பச்சை பூக்கும். மூடியைத் திறக்கும்போது ரப்பர் வளையத்தைத் திரும்பச் சரியாக உட்காரவைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. பின்மூடியில் 3 பார் என்று போட்டிருப்பதை முப்பது மீட்டர் ஆழம் என்று வாசிக்காதே. மழைத்தூறலுக்கும் கைகழுவும் தெறிப்புக்கும் தாங்கும், அவ்வளவுதான்.

இனி அந்த ஒரு மில்லிமீட்டர்.

கடிகாரத்தின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே வார் பொருந்துகிற இடைவெளி இருக்கிறதல்லவா, உலகத்துக் கடைகளில் பெரும்பாலும் அதற்கு 18, 20, 22 என்று இரட்டைப்படையில் வார் தொங்கும். என்னுடையது 19. வாங்கிய அன்று இதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எதற்குக் கேட்கப்போகிறேன்? வேட்டி வாங்கும்போது அது எத்தனை முழம் என்று பார்ப்போம், இடுப்புக் கயிறு எங்கே கிடைக்கும் என்றா விசாரிப்போம்?

கூட வந்த வார் பதினோரு மாதம் வந்தது. அது அதன் குற்றமில்லை. சென்னையில் ஏப்ரலிலிருந்து மணிக்கட்டு வியர்த்துக்கொண்டே இருக்கும். தோல் வியர்வையையும் உப்பையும் குடித்து, உள்பக்கம் கறுத்து, வெடித்து, கடைசியில் ஒரு வாடை வரும். அந்த வாடையை விவரிக்காமல் விடுகிறேன். மாற்றலாம் என்று கடைக்குப் போனபோதுதான் ஞானம் பிறந்தது.

"19 வராது சார். 18 போட்டுக்கொள்ளுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்?"

"நான் பார்ப்பேனே."

பார்த்தேன். இரு பக்கமும் அரை அரை மில்லிமீட்டர் சந்து. நடுவே வாரைப் பிடித்திருக்கும் ஊசி பளபளவென்று தெரிகிறது. பல் விழுந்த குழந்தை சிரிப்பது போல ஒன்பது மாதம் கட்டினேன். அடுத்து 20ஐ அமுக்கித் திணித்தார் இன்னொரு கடைக்காரர். ஓரம் சுருங்கி, மடிப்பு விழுந்து, ஊசிப் பக்கத்துத் தையல் முதல் மழைக்காலத்திலேயே விட்டது. மூன்றாவதாக இணையத்தில் தேடி உண்மையான 19 ஒன்றை ரூ.1,200 கொடுத்து வரவழைத்தேன். அது இடுப்புப் பெல்ட்டின் தடிமனில் இருந்தது. ஏழு மில்லிமீட்டர் கடிகாரத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் வார்! கஃப் பட்டனே போட முடியவில்லை. எதற்காக இந்தக் கடிகாரத்தை வாங்கினேனோ அந்த ஒன்றையும் அது பறித்துவிட்டது.

அப்பாவிடம் ஓர் எச்.எம்.டி. இருக்கிறது, சாவி கொடுத்து ஓட்டுவது. அதற்கு 18. அந்தக் கைக்கடிகார நிறுவனத்தை மூடவே 2016இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. இன்றைக்கும் தெருமுனைக் கடையில் அதற்கு வார் தொங்குகிறது. என்னுடையதைச் செய்த நிறுவனம் நலமாக இருக்கிறது, விளம்பரம் போடுகிறது, வார் மட்டும் "ஸ்டாக் இல்லை".

கடைசியில் வழிகாட்டியது பெரியமேடு. தோல் வாங்கவும் விற்கவும் சென்னையில் அந்தப் பக்கம்தான் போவார்கள். அங்கே ஒரு சந்தில் பை தைக்கிற பெரியவர் ஒருவர், கடிகாரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காகிதத்தை வைத்து அளந்தார். மூலையில் கிடந்த ஒரு துண்டுத் தோலை எடுத்து மெல்லியதாகச் சீவினார். வெளிறிய மஞ்சள் நிறம். "ஆவாரம்பட்டையில் பதனிட்டது. வியர்வை பட்டால் கறுக்கும், பயப்படாதீர்கள்" என்றார். ஆவாரைப் பூவுக்குப் பழமொழி சொல்லியே வளர்ந்த எனக்கு, அதன் பட்டை தோலைப் பதப்படுத்தும் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. இப்போது கடைகளில் கிடைக்கிற தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிட்டது. நிறம் மாறாது, சீக்கிரம் வேலை முடியும். மரப்பட்டையில் பதனிட்டது வெயிலும் கைச்சூடும் பட்டுப் பட்டு நிறம் ஏறும். என் வார் ஆறு மாதத்தில் தேன் நிறத்துக்கு வந்தது. ஓராண்டில் பழம்புளி நிறம். ஓரமாக ஒரு மினுமினுப்பு. இரண்டரை ஆண்டு உழைத்தது. வாடையும் வரவில்லை. ஏழாண்டு அனுபவத்தில் முழு மகிழ்ச்சி என்று சொன்னால் ரூ.600க்குக் கிடைத்த அந்த வார்தான், கடிகாரம் அல்ல.

போன மாதம் பக்கிள் ஓட்டையில் அது அறுந்தது. பெரியமேட்டுக்குப் போனேன். பெரியவர் தொழிலை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். மறுபடி 18, 20. மறுபடி "யார் பார்க்கப்போகிறார்கள்?"

ஷூவுக்கு வருகிறேன். இதன் கதை நேர்மாறானது. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூர் பக்கம் பிரியாணிக்கு நிறுத்தினால், சாப்பிட்ட கையோடு ஏறி இறங்க ஷூ தொழிற்சாலைகளின் கடைகள் வரிசையாக இருக்கும். அப்படி ஏறிய ஒன்றில் வாங்கியது. கறுப்பு டெர்பி. நான் முதலில் ஆக்ஸ்ஃபோர்டுதான் கேட்டேன். அதில் லேஸ் கட்டுகிற இரண்டு இதழ்களும் முன்தோலுக்கு அடியில் தைத்திருக்கும். பார்க்க ஒழுங்காக இருக்கும், விரிந்து கொடுக்காது. என் கால் பள்ளிக்கூடம் முடியும்வரை ரப்பர்ச் செருப்பிலும் வெறும் மண்ணிலும் வளர்ந்தது, விரல்பக்கம் விசிறி போல விரிந்திருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் நுழைத்தால் இதழ்கள் ஒன்றையொன்று பார்க்காமல் கோபித்துக்கொண்டு நின்றன. டெர்பியில் இதழ்கள் மேலே தைத்தவை, காலுக்கேற்ப விட்டுக்கொடுக்கும். மருமகனே, உன் காலும் நம் வீட்டுக் கால்தான். டெர்பி வாங்கு. சாயங்காலம் போய் வாங்கு, காலையில் சரியாக இருப்பது மாலையில் கால் வீங்கியதும் கடிக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. அலுவலகம் வீட்டுக்கே வந்துவிட்டது. நான் ஷூவைத் துடைத்து, பாலிஷ் போட்டு, உள்ளே காகிதம் அடைத்து, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் இரண்டைப் போட்டு, பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரியில் வைத்தேன். என் சான்றிதழ்களுக்குக்கூட அத்தனை கவனிப்பு இல்லை. 2022இல் மறுபடி அலுவலகம் வரச்சொன்ன முதல் நாள் எடுத்தேன். மேல்தோல் புத்தம்புதிது. போட்டுக்கொண்டு போனேன். லிஃப்ட்டுக்கு நிற்கும்போது வலதுகால் கொஞ்சம் தாழ்ந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால், வாசலிலிருந்து நான் நிற்கிற இடம்வரை வெள்ளைப் பளிங்குத் தரையில் கறுப்புப் புட்டு உதிர்ந்து கிடக்கிறது. கூட்டுகிற அம்மா தூரத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பத்தாவது மாடிக்குப் போவதற்குள் இடதுகாலும் தொடங்கிவிட்டது. அன்றைக்கு முழுக்க மேசையை விட்டு எழவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். அந்த சோல் பாலியூரித்தேன் நுரை. எடை குறைவு, காலுக்கு மெத்தென்று இருக்கும், அதனால்தான் கடையில் நாலடி நடந்ததும் மயங்கினேன். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் அது இன்னும் வேகம். பெட்டியில் பூட்டிவைத்தாலும் அது நிற்காது. பொத்திப்பொத்தி வைத்தது ஷூவை அல்ல, அது நொறுங்குகிற வேலையை. இதைக் கடைக்காரர் ஒரு வரி சொல்லியிருக்கலாம். பெட்டியிலாவது அச்சடித்திருக்கலாம். மாட்டார்கள்.

எங்கள் தெருமுனையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் கொண்டுபோனேன். மேல்தோலை விரலால் அழுத்தினார், மடக்கினார். "மேலே இருப்பது இன்னும் பத்து வருடம் வரும் சார். கீழே போட்டிருந்ததுதான் கேக்கு" என்றார். மிச்சப் புட்டைச் சுரண்டினார், அரத்தால் தேய்த்தார், ரப்பர் சோலைச் சொல்யூஷனில் ஒட்டி ஓர் இரவு பாரம் வைத்தார். மறுநாள் குத்தூசியால் சுற்றிலும் தையல் போட்டார். ஒட்டினால் மட்டும் போதாது, எங்கள் ஊர் மழை ஒட்டியதைப் பிரித்துவிடும் என்பது அவர் கட்சி. ரூ.650. கொஞ்சம் கனம் கூடியது. முதல் வாரம் மாட்டுக்கு லாடம் அடித்தது போல நடந்தேன். அதன்பிறகு மூன்று ஆண்டு, இரண்டு வெள்ளம், நாள்தோறும் மின்சார ரயில் படிக்கட்டு. போன வாரம் மாற்றியதும் குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்ததால்தான், அது என் நடையின் கோளாறு. இந்த முறை ரூ.800. மேல்தோலில் விரல் மடங்குகிற இடத்தில் நாலு மெல்லிய கோடு, அவ்வளவுதான். அவர் சொன்ன பத்து வருடத்தில் மூன்று கழிந்திருக்கிறது.

ஆக, பாட்டரி தீர்ந்து நின்றதைத் தவிர ஏழாண்டில் நேரம் தவறாத கடிகாரம். நடு அலுவலகத்தில் மானத்தை உதிர்த்த ஷூ. கூட்டிக் கழித்தால் விடை தெளிவாக வருகிறது. ஆனால் அவனிடம் நான் சொன்னது: ஷூவை வாங்கு, அடியில் இருப்பது ரப்பரா என்று கேட்டு வாங்கு, நுரை என்றால் சோல் மாற்ற ரூ.800 தனியாக எடுத்து வை. கடிகாரத்தை வாங்காதே. எதை வாங்கினாலும் சட்டைப்பையில் ஓர் அளவுகோலோடு போ. அநியாயமான தீர்ப்பு என்று எனக்கே தெரிகிறது. மூன்று கடை ஏறி இறங்கிய கால் இன்னும் வலிக்கிறது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அந்த வாட்ச் இப்போது வார் இல்லாமல் சும்மாதானே கிடக்கும்? எனக்குக் கொடுத்துவிடுங்களேன் மாமா" என்றான்.

சும்மா கிடக்கவில்லை. இரண்டு வாரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அலுவலகம் போகிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை ஆம்பூர் போகலாம், காலை ஆறு மணிக்குத் தயாராக இரு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.